இன்னொரு தரம் கீறிப் பார்க்கிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. மழை வருமோ என்று குடை எடுத்துக்கொண்டு போகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் புத்திசாலிகள், அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்கிற ஆசாமி, குடையும் கையுமாகத் தெருக்கோடி வரை போவார். மழை வராவிட்டால் ஊரார் சிரிப்பார்களே என்று திரும்பி வந்து குடையை மாட்டிவிட்டு, மறுபடியும் தெருக்கோடி வரை போய், ஐயோ வந்துவிட்டால் என்று மறுபடியும் ஓடி வந்து, இப்படி நடந்த நடையிலேயே வேர்த்துக் கொட்டி, கடைசியில் மழையில் நனைந்தவனைவிட அதிக ஈரமாக வாசலில் நிற்பார். வானத்தில் ஒரு மேகம் இருக்காது.

இவர்களுக்குப் புத்தகத்தில் என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் 'இன்னா ஆயிடுமோ ஆசாமி' என்போம்.

கண்டுபிடிப்பது சுலபம். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அது நாம் எல்லாரும் செய்வதுதானே என்கிறீர்களா? இருங்கள். நாலு வீடு தாண்டிப் போன பிறகு, இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று திரும்பி வருவார். பிள்ளை இருமினால் பயப்படுவார். இருமாமல் தூங்கினால், ஏன் சத்தத்தையே காணோம் என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பார். பிள்ளை விழித்துக்கொண்டு வீறிடும். வயிற்று வலியோ என்று அதற்கும் பயப்படுவார். கோயிலில் ஜெபம் சொல்லி முடித்த கையோடு, ஆண்டவர் அந்தச் சமயம் வேறு யாரையாவது கவனித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அதே ஜெபத்தை முதலிலிருந்து சொல்லுவார். இவரால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. அதற்குத்தான் தானியேல் மேஸ்திரியை இங்கே கூப்பிட்டு நிறுத்துகிறேன்.

ஆம்பூரில் வாஹித் பாஷா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தானியேல் மேஸ்திரி. வருஷக்கணக்காகப் பட்டை இடித்து, தோல் தூக்கி, முதுகு வளைந்த பிறகு கிடைத்த பதவி. மேஸ்திரி ஆன பிறகுதான் தெருவில் அவரை மனிதர்கள் பெயர் சொல்லாமல் 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள்; கோயிலில் முன்வரிசைப் பாயில் இடம் விட்டார்கள்; அவர் மனைவி அன்னம்மாள் குழாயடியில் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக் கேட்டார்கள். அந்தப் பதவிக்கு அடையாளம் இடுப்பில் செருகிய ஒரு சின்னக் கத்தி.

அந்தக் கத்திக்கு ஒரே வேலைதான். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறுகிற தோலுக்குள் பட்டைத் தண்ணீர் நடு வரைக்கும் ஏறிவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரத்தில் ஒரு கீறு கீற வேண்டும். வெட்டின இடத்தில் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஊறட்டும். முழுக்க ஒரே நிறமாக இருந்தால் எடுத்துவிடலாம். ஒரு தொட்டிக்கு ஒரு தோல், அந்தத் தோலில் ஒரு கீறல். அத்தோடு காரியம் முடிந்தது.

மற்ற மேஸ்திரிகளுக்கு.

தானியேல் கீறுவார். ஒரே நிறமாக இருக்கும். அப்பாடா என்று ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு வெளியே போய்ச் சேர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்: இந்தப் பக்கம் ஏறிவிட்டது சரி, அந்தப் பக்கம்? அந்தப் பக்கமும் கீறுவார். வால் பக்கம் சரி, கழுத்துப் பக்கம் கெட்டியாயிற்றே? கீறுவார். இது இளசு, பக்கத்தில் கிடப்பது கிழட்டு மாட்டுத் தோல் ஆயிற்றே? கீறுவார். காலையில் பார்த்தபோது வெளிச்சம் கம்மி. வெயில் ஏறியதும் வந்து கீறுவார். ஒவ்வொரு கீறலுக்கும் ஓர் அப்பாடா உண்டு. ஆனால் அந்த அப்பாடா, கள்ளுக்கடைக்காரன் கொடுக்கிற முதல் மொந்தை மாதிரி. அடுத்த மொந்தையைக் கேட்க வைப்பதுதான் அதன் வேலை. கடைசியில் அந்தத் தொட்டித் தோல் உலர்ந்து அடுக்கும்போது, ஓரமெல்லாம் எதுவோ ராத்திரி முழுவதும் உட்கார்ந்து கடித்துத் தின்றது போலிருக்கும்.

மெட்ராஸில் பெரியமேட்டு வியாபாரிகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆம்பூர்ல எலித் தொல்லை ஜாஸ்தியோ?" என்று கேட்டு விலையைக் குறைத்தார்கள். ஒரு தரம் கேட்டார்கள், சாயபு சிரித்தார். அடுத்த தரமும் கேட்டார்கள். சாயபு ரயிலேறி நேரே ஷாப்புக்கு வந்தார்.

"தானியேலு, இங்க வா. நம்ம ஷாப்புல எலி இருக்குதா?"

"இல்லீங்க சாயபு."

"இருக்குது. இடுப்புல கத்தி வெச்சிக்கினு இருக்குது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயபு சிரிக்கவில்லை. "கேளு. இந்தக் கோடித் தொட்டித் தோலு ரம்ஜானுக்கு முன்னாடி மெட்ராஸ் போவணும். ஒரு தோலு, ஒரு கீறலு. அதுக்கு மேல ஒண்ணு பார்த்தேன், கத்தியை சம்பத்து கையில குடுத்துட்டு நீ பழையபடி பட்டை இடிக்கப் போயிடு. இன்னா?"

சம்பத்து என்பவன் தொட்டி ஆட்களில் வாயாடி. கத்தி தன் கைக்கு வராதா என்று காத்திருந்தவன் அல்ல. ஆனால் வந்தால் வேண்டாம் என்கிறவனும் அல்ல.

அன்றைக்குப் பிடித்தது தானியேலுக்கு வியாதி. கோடித் தொட்டிப் பக்கம் போனாலே நெஞ்சுக்குள் பட்டை இடிக்கிற உலக்கை விழுந்தது. உள்ளங்கை வேர்த்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வேறென்ன இருக்க முடியும்? இதயம் கெட்டுவிட்டது! மேஸ்திரி வேலை போகுமுன் உயிர் போகும் என்று முடிவு கட்டிக்கொண்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அவர் ரயிலேறிய அழகைச் சொல்ல வேண்டும். வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே ஸ்டேஷனில் இருந்தார். அந்த இடைவெளியில் கூட்ஸ் வண்டி வந்தாலும் ஓடிப்போய், "இது காட்பாடிக்குத்தானே போவுது?" என்று கேட்டார். டிக்கட்டைச் சட்டைப் பையில் வைத்தார். பையில் ஓட்டை இருந்தால்? முண்டாசில் வைத்தார், காற்றில் பறந்தால்? கடைசியில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல்லில் கடித்துக்கொண்டார். காட்பாடியில் டிக்கட் வாங்குகிறவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இன்னாய்யா இது, பாதிய பசிக்குத் தின்னுட்டியா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். முதுகில் வைத்துக் கேட்டாள்.

"நெஞ்சு நல்லா இருக்கு மேஸ்திரி."

"நல்லா இருக்குதுன்னா, எவ்ளோ நல்லா இருக்குதும்மா?"

"ரொம்ப நல்லா."

"இப்ப நல்லா இருக்குது. திரும்பிப் போறப்போ வழியில?"

டாக்டரம்மா குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்த இனத்தைச் சேர்ந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்க வேண்டும். "கெட்டது உம்ம நெஞ்சு இல்லை. மேலே, மூளை. அங்கே ஒரு காவல்காரன் இருக்கான்னு வெச்சுக்கும். எதிரே புலி வந்தா அவன் கூச்சல் போடுவான். போட்ட உடனே நெஞ்சு அடிச்சுக்கும், கை வேர்க்கும், வாய் உலரும். ஏன்? நீர் ஓடறதுக்கு உடம்பு தயார் ஆகுது. நல்ல காவல்காரன்தான். ஆனா உம்ம ஆளு, புலி இல்லாதப்பவே கூச்சல் போடறான்."

"புலி இல்லேன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? ஜவ்வாது மலையில..."

"இந்த ரூமுல இருக்கா?"

தானியேல் மேஜைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான், "இல்லம்மா" என்றார்.

"அப்ப ஏன் நெஞ்சு அடிச்சுக்குது? கூச்சல் போட்டா போடட்டும். போட்டவுடனே நீர் ஓடினீர்னா, பார்த்தியா நான் சொன்னது நிஜம்னு அடுத்த தரம் அவன் இன்னும் பலமாப் போடுவான். அவ்வளவுதான். அடுத்த ஆள் வரலாம்."

மருந்து? இல்லை. மாத்திரை? இல்லை. தடவிக்கொள்ள ஒரு களிம்புகூட இல்லை. தானியேல் ஊர் திரும்புகிற வழியெல்லாம் வருந்தினார். இவ்வளவு தூரம் போன மனிதனுக்கு ஒரு புட்டி மருந்துகூடக் கொடுக்கவில்லை என்றால், அது மருந்தே இல்லாத வியாதியாகத்தானே இருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து இதை அன்னம்மாளிடம் சொன்னார். கஞ்சி வைக்கும்போது சொன்னார். குழம்பு கொதிக்கும்போது, வேறு மாதிரி சொன்னார். அவள் மீன் அலசுகிறபோது பின்னாலேயே வந்து, "ஒருவேளை டாக்டரம்மா சரியாக் கேக்கலியோ?" என்றார். அன்னம்மாளுக்கு மூளையைப் பற்றி எதுவும் தெரியாது. மீன் கெடுகிறது என்பது தெரிந்தது.

"இன்னாய்யா இது, சில்லறை வியாபாரம் மாதிரி நாளெல்லாம் ஒண்ணொண்ணா? விளக்கு வெச்சப்பறம் வந்து குந்து. எல்லாத்தையும் மொத்தமா சொல்லு, கேக்கறேன். அதுவரைக்கும் வாயைத் தொறந்தே, இந்தத் தண்ணியைத் தலையில ஊத்திடுவேன்."

தானியேல் அன்று பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டு கவலைகளைச் சேர்த்து வைத்தார். எப்போது கவலை தலை தூக்கினாலும், 'இரு, சாயங்காலம் உன் முறை' என்று உள்ளே தள்ளினார். விளக்கு வைத்தார்கள். அன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"கூரை..."

"கூரைக்கு இன்னா?"

"காலையில ஒழுகிடும்போல தோணிச்சு."

"இப்போ?"

தானியேல் அண்ணாந்து பார்த்தார். "இப்போ கூரை மாதிரிதான் இருக்குது."

"சரி, அடுத்தது."

அடுத்தது என்னவோ ஒன்று இருந்தது. பெரிதாகத்தான் இருந்தது. மதியம் அதற்காக அவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தும் அது என்னவென்று ஞாபகம் வரவில்லை. "இவ்ளோதானா? காலையில சந்தை மாதிரி இருந்திச்சே?" என்று அன்னம்மாள் எழுந்து போய்விட்டாள். பகலெல்லாம் தன் கழுத்தை நெரித்தவை, கூப்பிட்டால் வருவதில்லை என்பது தானியேலுக்கு ஒரு புதுச் செய்தி.

ஆனால் கோடித் தொட்டி அப்படி மறந்துபோகிற கவலை அல்ல. அதற்கு நாள் வந்தது. நல்ல வெயிலில், ஆட்கள் சூழ நிற்க, தானியேல் ஒரு தோலை இழுத்துப் போட்டார். கத்தியை எடுத்தார். ஓரத்தில் ஒரே ஒரு கீறல். உள்ளே முழுக்க ஒரே நிறம். வெள்ளைக் கோட்டின் வாசனைகூட இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். தோலை எடுக்கச் சொல்லி அவர் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டியதுதான் பாக்கி.

வார்த்தை வரவில்லை. காவல்காரன் கூச்சல் போட்டான். இது இளசு! கழுத்துப் பக்கம் பார்த்தாயா? பட்டை ஏறாத தோல் மெட்ராஸ் போனால், ஓரம் கெட்டதைவிட மானக்கேடு!

கை கத்தியில் இருந்தது. தானியேல் கஷ்டப்பட்டுக் கையை எடுத்தார். எடுத்த கை சும்மா இருக்குமா? தோலை அமுக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். தொட்டித் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு ஒன்றுமே தெரியாதவர்போல் சம்பத்துவின் பக்கம் திரும்பினார்.

"ஏறியிருக்கும் இல்லே?"

"ஏறியிருக்குது மேஸ்திரி."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்."

"நிச்சயமா சொல்றியா?"

"தோ பாரு மேஸ்திரி, நான் இன்னா தோலுக்குள்ளயா குடியிருக்கிறேன்?"

ஆட்கள் சிரித்தார்கள். தானியேலுக்கு மட்டும் எங்கோ ஒரு கதவு திறந்தது போலிருந்தது. சம்பத்து முதல் தரம் 'ஏறியிருக்குது' என்றபோது ஓர் அப்பாடா வந்தது அல்லவா? அது கத்தி கொடுக்கிற அதே அப்பாடா! போன சுருக்கும் அதே சுருக்கு! அப்படியானால் அமுக்கியதும் முகர்ந்ததும் நக்கியதும் கேட்டதும், எல்லாமே கீறல்தான். கத்தி இல்லாமல் கீறினது. அடப் பாவி, இத்தனை வருஷமாகத் தோலை மட்டுமா கீறினேன், பெண்டாட்டி பிள்ளைகளையும் அல்லவா கீறித் தள்ளியிருக்கிறேன்!

"கொஞ்சம் இருங்கப்பா, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக் கரையில் போய்க் குந்தினார். கத்தியை எடுக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. நெஞ்சில் உலக்கை விழுந்தது, விழட்டும். கை வேர்த்தது; வேர்க்கட்டும். 'புலி வந்திடுச்சு, புலி வந்திடுச்சு' என்றான் காவல்காரன். அவனோடு வாதாடவும் இல்லை. "சரிப்பா. நீ கத்து. நான் குந்தினு இருக்கிறேன்" என்று முணுமுணுத்து, மூச்சை மட்டும் மெள்ள மெள்ள வெளியே விட்டார்.

முதலில் அந்தப் படபடப்பு ஏறியது. ஏறிக்கொண்டே போய் மண்டையைப் பிளந்துவிடும் என்றுதான் இருந்தது. இது நாள்வரை அந்த இடத்தில்தான் அவர் எழுந்து ஓடிப்போய்க் கீறியிருக்கிறார்; அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்தார். பட்டைத் தொட்டியில் நுரை சுழலும்போது கையை விட்டு அடக்கினால் இன்னும் சுழலும், சும்மா விட்டால் தானே கரையோரம் ஒதுங்கும். அப்படித்தான், உச்சிக்குப் போன அது அங்கே நிற்கத் தெரியாமல் நின்றது, தள்ளாடியது, பிறகு இறங்கியது. கீறாமலே இறங்கியது. கேட்காமலே இறங்கியது.

தானியேல் எழுந்து வேட்டியை உதறினார். "எடுங்கப்பா தோலை."

அதோடு அவர் ஞானி ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் தடவும்போது மறுபடியும் வந்தது. நிழலில் உலரப் போட்டபோதும் வந்தது. ஆனால் காவல்காரன் தொண்டை கட்டியவன்போலக் கத்தினான். ஓடாதவனைப் பார்த்துக் கத்துவதில் அவனுக்கும் என்ன சுவாரஸ்யம்?

தோல் உலர்ந்து கட்டாகும் நாள் சாயபு வந்தார். அடுக்கின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். சம்பத்து பக்கத்திலேயே நின்று, கத்தி தன் இடுப்புக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் வழவழவென்று போயிற்று. ஒரு தோலில், ஒரு கீறல்.

"ஷாபாஷ்! ஷாபாஷ் தானியேலு!" சாயபுவின் முகம் மலர்ந்தது. அடுக்கைத் தட்டிக் கொடுத்தார். தட்டிய கை அப்படியே நின்றது. மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"ஒரே ஒரு கீறல்தானா போட்டே?"

"நீங்கதானே சொன்னீங்க சாயபு."

"சொன்னேன், சொன்னேன். ஆனா உள்ளே எல்லாத்துலயும் ஏறியிருக்குதா?"

"ஏறியிருக்குது."

"நிச்சயமா?"

சாயபு கையை நீட்டினார். "குடு அந்தக் கத்தியை. ஒண்ணே ஒண்ணு." கீறினார். ஒரே நிறம். "அப்பாடா" என்றார். அடுத்த தோலைப் புரட்டினார். "இது கொஞ்சம் கெட்டியா இருக்குதே..." கீறினார். ஒரே நிறம். "கழுத்துப் பக்கம் பார்த்தியா நீ?" மூன்றாவது தோலுக்குக் கத்தி போனபோது, தானியேல் தன் பெரிய கையைத் தோலின் மேல் விரித்து வைத்தார். முதலாளியின் கத்திக்கு முன்னால் மேஸ்திரி கை வைத்ததைப் பார்த்து ஆட்கள் கட்டுக் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"சாயபு, நெஞ்சு அடிச்சுக்குதா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"வாய் உலர்ந்து போச்சா?"

"அரே, ஆமாய்யா! இன்னா இது?"

"ஒண்ணுமில்லீங்க. அது கத்தும். தானா அடங்கிடும். இப்படிக் குந்துங்க."

இருவரும் தோல் கட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாயபு எழுந்திருக்கப் பார்த்தார். தானியேல், "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடியும் பார்த்தார், "இறங்கப் போவுது, இருங்க" என்றார் தானியேல். சம்பத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கொஞ்ச நேரத்தில் சாயபு ஒரு நீண்ட மூச்சு விட்டார். கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடி தானியேல் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"நீயே வெச்சுக்கோ. இனிமே நானே கேட்டாலும் என் கையில குடுக்காதே."

அப்புறம் அந்த ஷாப்பில் மேஸ்திரி மாறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பாவம் தானியேல், பாவம் சாயபு, இப்படியும் மனிதர்களா' என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள், நல்லதுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாயபு கெடு வைத்த இடத்தில், மேஸ்திரிக்கு வேலை போயிற்றா இல்லையா என்று தெரியாமல் மனம் ஒரு மாதிரி ஆகி, சட்டென்று இந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டு, மறுபடி நடுவிலிருந்து படித்தீர்களே, அது என்னவாம்?